கண்ணாடிக்கடைச் சமத்து

பள்ளிக்கூட வாசலில் விளையாட்டு டீச்சர் கையசைத்துக் கூப்பிட்டபோது, வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அவள் மகள்மீது இதுவரை எந்த டீச்சரும் ஒரு குறை சொன்னது கிடையாது. பெண்ணுக்கு எட்டு வயது. பெயரே சமத்து. பதிவேட்டில் வேறொரு பெயர் உண்டு; அது பதிவேட்டோடு சரி. கடைக்கு வருகிறவர்கள் எல்லாம் "எவ்வளவு சமத்தா உட்கார்ந்திருக்கு பாருங்க" என்று சொல்லிச் சொல்லி, அதுவே பெயராக நிலைத்துவிட்டது.

டீச்சர் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அதற்கு முன்பு விளையாட்டு நேரத்தைக் கணக்கு டீச்சர் பிடுங்கிக்கொள்வார். யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. குழந்தைக்குக் கால்ல எப்பவாவது அடிகிடி பட்டிருக்கா?"

"இல்லையே மேடம். ஏன்?"

"ஓடச் சொன்னா ஓட மாட்டேங்குறா. அடம் பிடிக்கலை, ஓடவே வரலை. நடக்கும்போதுகூட காலைத் தரையிலேர்ந்து எடுக்குறதில்ல. கையும் வீசுறதில்ல. ரெண்டு மாசமா பார்த்துட்டுத்தான் சொல்றேன். ஒரு டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் மகளை முன்னால் நடக்கவிட்டு, பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். எத்தனை உற்றுப் பார்த்தும் அவள் கண்ணுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. அடக்கமாக, அலுங்காமல் குலுங்காமல், நன்றாகத்தான் நடந்தது குழந்தை. டீச்சர் புதுசு, எதையாவது கண்டுபிடித்துச் சொல்ல வேண்டுமே என்று சொல்கிறாள் என்று சமாதானம் செய்துகொண்டாள். அந்தச் சமாதானம் தெருமுனை வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

முன்னால் கடை, பின்னால் வீடு. வீட்டுக்குள் போக வேண்டுமென்றால் கடைக்குள் புகுந்துதான் போக வேண்டும். இரண்டு பக்கமும் மரச் சட்டங்களில் ஆளுயரக் கண்ணாடிகள் சாய்ந்து நிற்கும். ஜன்னலுக்கு ஒரு பக்கம், முகம் பார்ப்பதற்கு ஒரு பக்கம். நடுவில் கம்பளி விரித்த பெரிய மேசை. அதில் அவள் கணவர் கண்ணாடி அறுக்கும் கட்டரை மண்ணெண்ணெயில் முக்கி, மட்டப்பலகையை ஒட்டி ஒரே இழுப்பாக இழுப்பார். கிறீச்சென்று ஒரு சத்தம். பிறகு அடியில் இரண்டு தட்டு தட்டினால், சொன்னபடி கேட்டு இரண்டாகப் பிரியும். ஓரங்களைக் கல்லில் தேய்த்து மழுக்குவதும், சின்னக் கண்ணாடிகளைத் தூக்கி வைப்பதும் அவள் வேலை. தேய்த்துத் தேய்த்து அவள் விரல் நுனியில் ரேகையே இல்லை.

பெரிய கண்ணாடியைத் தூக்க மட்டும் இரண்டு பேர் வேண்டும். கணவர் ஒரு முனை, அவள் தம்பி ஒரு முனை. தம்பிக்கு முப்பத்தைந்து வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. "கண்ணாடிக்கடையிலயே இருந்தும் ஒரு பொண்ணு கண்ணுல நான் தெரியலையே அக்கா" என்று அவனே சொல்லிச் சிரித்துக்கொள்வான். கண்ணாடி தூக்குவதற்கு ஒரு நடை உண்டு. உள்ளங்கையில் பழைய ரப்பர்த் துண்டு, முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும். பாதத்தை எடுத்து வைக்கக் கூடாது, தரையோடு இழைத்துக்கொண்டே போக வேண்டும். எடுத்து வைக்கிற காலுக்கடியில் ஒரு துண்டு கிடந்தாலோ, தடுக்கினாலோ, கதை முடிந்தது. "போலாமா?" என்பார் முன்னால் போகிறவர். "போலாம்" என்று பதில் வந்தால்தான் நகர வேண்டும். "விடு" என்று யார் சொன்னாலும் அடுத்த கணம் இரண்டு பேரும் விட்டுவிட்டு விலக வேண்டும். கண்ணாடியைக் காப்பாற்றப் போய்க் கையை இழந்தவர்கள் இந்தத் தொழிலில் நிறையப் பேர்.

சமத்துக்குப் பதினான்கு மாதம் இருக்கும்போது ஒருநாள் தத்தித் தத்தி ஓடிவந்து, சாய்த்து வைத்திருந்த கண்ணாடியின் விளிம்பைப் பிடித்து இழுத்தது. கணவர் பாய்ந்து கையைக் கொடுத்தார். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் கிழிந்து, பதினாறு தையல். குழந்தைமேல் ஒரு கீறல் இல்லை. அன்றைக்குத்தான் கடைக்குள், வீட்டு வாசற்படிக்குப் பக்கத்து மூலையில் ஒரு நீலப் பாயை விரித்தார்கள். குழந்தையை உட்கார வைத்தார்கள். கையில் போனைக் கொடுத்தார்கள். ஏழு வருஷத்தில் பாய் மூன்று முறை மாறியது, போன் இரண்டு முறை மாறியது.

அன்று சாயங்காலம் முட்டை பொரித்துக்கொண்டே டீச்சர் சொன்னதைச் சொன்னாள். கணவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டார்.

"நாளைக்கே போயிடலாம். மாப்ளை கடையைப் பார்த்துக்கட்டும்."

"நல்லா நடக்குதே அத்தான் குழந்தை," என்றான் தம்பி. "நம்மளைவிட நல்லா நடக்குது."

டாக்டர் நிதானமான மனிதர். முட்டியைத் தட்டிப் பார்த்தார், முதுகைத் தடவிப் பார்த்தார், படம் எடுக்கச் சொன்னார். பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினார்.

"எலும்பு நல்லா இருக்கு. நரம்பு நல்லா இருக்கு. தசைதான் சோப்ளாங்கியா இருக்கு. எட்டு வயசுக் காலுக்கு இருக்க வேண்டிய பலம் இல்லை. போன் எவ்வளவு நேரம் பார்ப்பா?"

"ஒரு மணி நேரம்..." என்று இழுத்தாள் அவள்.

"காலைல பல் தேய்ச்சதும் கொஞ்ச நேரம்," என்றது சமத்து. பொய் சொல்லிப் பழக்கமில்லாத குழந்தை. "அப்புறம் ஸ்கூல் விட்டு வந்ததுலேர்ந்து தூங்குற வரைக்கும். லீவு நாள்ல சார்ஜ் தீர்ந்தா மட்டும் நிறுத்துவேன்."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. டாக்டர் திட்டவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. போன் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும் என்றார். தினமும் ஒரு மணி நேரமாவது வெளியில் ஓடி ஆட வேண்டும் என்றார். "இப்படியே விட்டா நாளைக்கு மாடிப்படி ஏறவே மூச்சு வாங்கும். ஆனா அந்த நடைதான் எனக்குப் பிடிபடலை. அது எங்கேர்ந்து வந்துதுன்னே தெரியல."

வணக்கம் சொல்லிவிட்டு மூன்று பேரும் எழுந்து வெளியே வந்தார்கள். நீளமான வராந்தா. பாதி தூரம் போயிருப்பார்கள்.

"கொஞ்சம் நில்லுங்க!"

டாக்டர் கதவுக்கு வெளியே வந்து நின்றிருந்தார்.

"சார், உங்களுக்குக் கால்ல ஏதாவது பிரச்சினையா?"

"எனக்கா? நல்லாத்தானே இருக்கேன்."

"அம்மா, உங்களுக்கு?"

"ஒண்ணுமில்லீங்களே."

"மூணு பேரும் ஒரே மாதிரி நடக்குறீங்க. கை ஆடலை, கால் எழலை. பரம்பரையா வர்ற விஷயமோன்னு பார்க்குறேன். உங்க அப்பா, அவங்க அப்பா, யாராவது இப்படி..."

"பரம்பரையெல்லாம் இல்லீங்க," என்றவர் பாதியில் நிறுத்தினார். குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். பிறகு மனைவியின் பாதத்தை, பிறகு மகளின் பாதத்தை. "இது... தொழில்ங்க டாக்டர். கண்ணாடி தூக்குற நடை. பழகிப்போச்சு."

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டார்:

"சரி. நீங்க கண்ணாடி தூக்குறீங்க. இவ எதைத் தூக்குறா?"

வீடு வந்து சேரும் வரைக்கும் அவள் மனதுக்குள் அழுதுகொண்டே வந்தாள். பார்த்து வளர்த்தோம் பார்த்து வளர்த்தோம் என்று பீற்றிக்கொண்டதெல்லாம் இதற்குத்தானா? ஊரில் பிள்ளைகள் தாயைப் பார்த்துப் பேச்சுக் கற்றுக்கொள்ளும், சிரிப்புக் கற்றுக்கொள்ளும். அவள் பிள்ளை பயத்தைக் கற்றுக்கொண்டு, அதையே நடை என்று நடந்துகொண்டிருக்கிறது.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அரை மணி நேரத்தில் போனை வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்தாள். அழும், புரளும், பட்டினி கிடக்கும் என்று அக்கம்பக்கத்தில் ஆளுக்கு ஆள் பயமுறுத்தியிருந்தார்கள். அதற்கெல்லாம் தயாராகத்தான் இருந்தாள். குழந்தை அழவே இல்லை. போனைக் கொடுத்துவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு அதே பாயில் அப்படியே உட்கார்ந்திருந்தது. கல்லில் ஓரம் தேய்த்துக்கொண்டே அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிரே சாய்த்திருந்த ஆறு கண்ணாடியிலும் ஆறு சமத்து உட்கார்ந்திருந்தது. ஒன்றுகூட அசையவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருக்கலாம்.

"எழுந்து விளையாடேன்டி."

"எங்கம்மா?"

அவள் கல்லைக் கீழே வைத்துவிட்டுக் கணவரிடம் போனாள்.

"தண்ணித்தொட்டிக்குப் பின்னாடி இருக்கிற மைதானத்துக்குத் தினமும் அஞ்சு மணிக்குக் கூட்டிட்டுப் போகப்போறேன். தேய்க்கிற வேலையைக் காலைல கூடுதலா செஞ்சுடறேன்."

"போயிட்டு வா. ஆனா ஒண்ணு கேக்குறேன், பதில் சொல்லிட்டுப் போ." அவர் கட்டரை மேசைமேல் வைத்தார். "வெளில ஓடக் கத்துக்கிட்ட குழந்தை, உள்ள வந்தா மட்டும் நடக்குமா? நாலு பக்கமும் கண்ணாடி. ஒரு நிமிஷம் மறந்து ஓடிவந்தா என்ன ஆகும்? அன்னிக்கு நான் பக்கத்துல இருந்தேன். எப்பவும் இருப்பேனா?"

"அதுக்காக?"

"அதுக்காக ஒண்ணுமில்ல. எனக்குப் பயமா இருக்கு. அவ்வளவுதான்."

அவர் கோபப்பட்டிருந்தால் அவளும் நாலு வார்த்தை பேசியிருப்பாள். பயமா இருக்கு என்று சொல்கிற மனிதரிடம் என்னத்தைப் பேசுவது?

தம்பிதான் வழி சொன்னான். "நாங்க கண்ணாடி தூக்கறப்போ கேட்டுட்டுத்தானே நகர்றோம்? குழந்தையும் கேக்கட்டும். வாசல்ல நின்னு 'வரலாமா'ன்னு ஒரு சத்தம். உள்ளேர்ந்து 'வா'ன்னா வரணும். வந்தாலும் நடந்துதான் வரணும். வாசலுக்கு வெளில அவ ராஜ்ஜியம்."

அப்படியே முடிவாயிற்று.

மைதானம் என்றால் பெரிய மைதானம் ஒன்றுமில்லை. நாலு வேலிக்கம்பம், கொஞ்சம் புல், நிறையப் புழுதி. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பந்தை எறிந்து, ஓடுகிறவர்களை அடித்து, அவுட் ஆக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். சமத்து ஓரத்தில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தது.

"இங்க கண்ணாடி எந்தப் பக்கம்மா வச்சிருக்காங்க?"

"இங்க கண்ணாடியே இல்லடி தங்கம்."

குழந்தை நம்பவில்லை. பாதத்தை இழைத்து இழைத்து இரண்டடி போய் நின்றுகொண்டது. ஆனால் ஆட்டத்தின் சட்டம் முழுக்கத் தெரிந்திருந்தது. எல்லாம் போனில் பார்த்தது. "தோள்ல பட்டா அவுட் இல்ல! கோட்டை மிதிச்சா மறுபடி எறியணும்!" என்று நின்ற இடத்திலிருந்தே தீர்ப்புச் சொன்னது. ரொட்டிக்கடைக்காரர் மகள் ஒருத்தி, வாய்க்கு அளவே கிடையாது, இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள்.

"ஏய் அம்பயரு! எல்லாம் தெரியுதுல்ல, உள்ள வந்து ஆடேன்."

"எனக்கு ஓட வராது."

"ஓடவா? அதுக்கு என்ன வரணும்?"

ஓரத்தில் நின்ற தாய்க்குச் சுருக்கென்றது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். மகளின் கையைப் பிடித்தாள். "வா, நாம ரெண்டு பேரும் அந்தக் கம்பம் வரைக்கும் போவோம். காலைத் தூக்கி வைக்கணும். நானும் வைக்கிறேன்." முதல் நாள் கம்பம் வரைக்கும் நடந்தார்கள். நாரை நடப்பதுபோல் முட்டியைத் தூக்கித் தூக்கி நடந்தார்கள். பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கத்தைப் பார்த்தால் வேலை ஆகாது. நாலாம் நாள் கொஞ்சம் வேகமாகப் போனார்கள். ஏழாம் நாள் அவளுக்கு மூச்சு வாங்கி நின்றுவிட்டாள். குழந்தை நிற்கவில்லை, கம்பம் வரைக்கும் தனியாகப் போய்த் திரும்பிப் பார்த்தது. கன்னமெல்லாம் சிவந்து, நெற்றியில் புழுதியும் வேர்வையும் கலந்து, அவள் மகள் அழகு என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

இரண்டு முறை விழுந்து முட்டி பெயர்ந்தது. பெயர்ந்த முட்டியை மாமனிடம் காட்டிப் பெருமையடித்துக்கொண்டது. இரவில் படுத்ததும் தூங்கிப்போனது. காலையில் இன்னும் ஒரு ரொட்டி கேட்டது. தினமும் சாயங்காலம் வாசலில் நின்று "வரலாமா?" என்று கத்தும். உள்ளேயிருந்து இரண்டு குரலும் சேர்ந்து "வா" என்னும். பிறகு அந்தப் பழைய நடையிலேயே உள்ளே வரும். அஞ்சே முக்கால் ஆனதும் கணவர் கட்டரை வைத்துவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

நாலாவது வாரம் காற்று ஆரம்பித்தது. காற்றடித்தால் பெரிய கண்ணாடியைத் தூக்க முடியாது, ஆளையே இழுத்துக்கொண்டு போய்விடும். அதே தெருவில் இருக்கும் முடிதிருத்தும் கடைக்காரர் ஒருவர் சுவர் முழுக்க அடைக்கிற கண்ணாடி ஒன்று கேட்டிருந்தார். மூன்று நாள் காற்று. அவர் தினமும் வந்து தலையைச் சொறிந்துவிட்டுப் போனார். நாலாம் நாள் சாயங்காலம் காற்று அடங்கியது. வேலை குவிந்து கிடந்ததால் அவள் மைதானத்துக்குப் போகவில்லை. ரொட்டிக்கடைக்காரர் மகளோடு சமத்தை அனுப்பிவைத்தாள்.

"போலாமா?" என்றார் கணவர்.

"போலாம்," என்றான் தம்பி.

கண்ணாடி மேசையிலிருந்து எழுந்தது. இழைத்து இழைத்து வாசலை நோக்கி நகர்ந்தார்கள்.

"அம்மா! அம்மா! நான் கடைசி வரைக்கும் அவுட்டே ஆகல! எல்லாரும் அவுட், நான் மட்டும்..."

தெருவிலிருந்து வந்த வேகத்தில் குழந்தை உள்ளே பாய்ந்தது. வாசலில் நிற்கவில்லை. கேட்கவில்லை. காலைத் தூக்கித் தூக்கி, கையை வீசி வீசி, நேராகக் கண்ணாடியை நோக்கி ஓடிவந்தது.

"விடு!" என்று கத்தினார் கணவர்.

இரண்டு பேரும் எதிர்ப்பக்கமாகத் தள்ளிவிட்டு விலகினார்கள். அந்தச் சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. சத்தம் நின்றபோது கடை முழுக்கச் சில்லு. தம்பியின் சுண்டுவிரலில் மட்டும் கொஞ்சம் ரத்தம். குழந்தை இரண்டடி தள்ளி, தூக்கிய ஒரு காலைக் கீழே வைக்காமல் நின்றிருந்தது.

"எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! எத்தனை தடவை! வாசல்ல நின்னு கேக்கணும்னு சொன்னேனா இல்லையா? ஒரு அடி முன்ன வந்திருந்தா..." கணவர் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவள் துடைப்பத்தை எடுத்தாள். தம்பி விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு செய்தித்தாளை நனைத்தான். கண்ணுக்குத் தெரியாத சில்லை அதில்தான் ஒற்றி எடுக்க வேண்டும். அவள் மகளைச் சுற்றிக் கொஞ்சம் பெருக்கி வழி விட்டாள். குழந்தை தூக்கிய காலைக் கீழே வைத்தது. பிறகு அந்தப் பாதத்தைத் தரையோடு இழைத்து, அடுத்ததை இழைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டு, மூலைக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்தது. கையை நீட்டியது.

"போனைக் குடுங்கம்மா. நான் சமத்தா உட்கார்ந்துக்கறேன். இனிமே ஓடவே மாட்டேன்."

அவள் கை இழுப்பறைக்குப் போய்விட்டது. உண்மையைச் சொன்னால், திறந்தும்விட்டாள். இவ்வளவு சில்லுக்கு நடுவில் குழந்தை ஒரு இடத்தில் இருந்தால் போதும் என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது.

"மூடு அதை," என்றார் கணவர்.

எழுந்து வந்தார். மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். எட்டு வயதுப் பெண்ணுக்குக் கால் கீழே தொங்கியது. பெருக்காத சில்லுகளைத் தாண்டித் தாண்டித் தெருவுக்குப் போனார். அவள் துடைப்பத்தோடு வாசலுக்கு வந்தாள்.

"இதோ பார்," மகளைக் கீழே இறக்கிவிட்டுச் சொன்னார், "கேக்காம உள்ள ஓடிவந்தது தப்பு. ஓடினது தப்பில்ல. புரியுதா? பதினஞ்சு வயசுல நான் உடைச்சது இதைவிடப் பெரிய கண்ணாடி."

"போன வருஷம் உடைச்சதையும் சொல்லிடுங்க அத்தான்," என்றது உள்ளேயிருந்து தம்பி குரல்.

"நீ வாயை மூடிட்டுப் பொறுக்கு மாப்ளை." அவர் மகளைப் பார்த்துக் குனிந்தார். "இங்க உடைய ஒண்ணுமில்ல. அந்த விளக்குக்கம்பம் வரைக்கும் ஓடிட்டு வா, பார்க்கலாம். இத்தனை நாள்ல நீ ஓடி நான் நின்னு பார்த்ததே இல்ல."

குழந்தை அப்பாவைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது. வலது பாதத்தை முன்னால் தள்ளியது. தூக்கவில்லை, இழைத்தது. இடது பாதத்தை இழைத்தது. நின்றுவிட்டது. நாலு வாரத்து உழைப்பும் ஒரே ஒரு சத்தத்தில் போயிற்றா என்று அவள் கணவரைப் பார்த்தாள். அவர் முகத்திலும் அதே கேள்விதான் இருந்தது.

அவர் செருப்பை உதறினார். விளக்குக்கம்பத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்தார்.

ஓட்டமா அது? முழங்கை இரண்டும் விலாவோடு ஒட்டியிருந்தன. உடம்பு விறைத்திருந்தது. பாதம் இரண்டும் சரட்டுச் சரட்டென்று தரையைத் தேய்த்துக்கொண்டு போயின. முப்பது வருஷமாகக் கண்ணாடி தூக்குகிற மனிதர், கையில் கண்ணாடி இல்லாமல் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ரொட்டிக்கடைக்காரர் மகள் அலறிச் சிரித்தாள். முடிதிருத்தும் கடைக்காரர் தன் கண்ணாடி உடைந்த துக்கத்தையும் மறந்து வெளியே வந்து நின்றார். தெருவில் ஆள் சேர்ந்தது. அவர் யாரையும் பார்க்கவில்லை, நிற்கவும் இல்லை.

சமத்து கொஞ்ச நேரம் பார்த்தது. அதற்குப் பொறுக்கவில்லை.

"அப்பா, அப்படி இல்லப்பா! காலைத் தூக்குங்க! தூக்கி வைங்க!"

அவருக்குக் காதில் விழுந்ததோ இல்லையோ, தேய்த்துக்கொண்டேதான் போனார்.

"ஐயோ, தூக்கணும்பா!" என்று கத்திக்கொண்டு, எப்படி என்று காட்டுவதற்காக மகள் ஓடினாள். விளக்குக்கம்பத்துக்குப் பாதி வழியிலேயே அவரைத் தாண்டிவிட்டாள்.